தோளில் சுருக்கம் விழுந்த இத்தாலிக் கோட்டு

1. செகண்ட்ஸ் மால்

ஒரு சனிக்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், ரங்கநாதன் சார் உள்ளே வந்து கையிலிருந்த கோட்டைக் கண்ணாடி மேஜை மேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

“இது கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் மால்தானே?” என்று என்னைத் தமிழில் கேட்டார்.

என் முதலாளி சால் சற்றுத் தள்ளி நின்று யாருக்கோ டை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான் தமிழ். சாருக்குப் பின்னால் அவர் மகள் நித்யா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அப்பாவோடு ஏன் வந்தோம் என்கிற முகத்தோடு நின்றாள்.

“என்னாச்சுங்க சார்?”

“தோளைப் பாருங்க. கை ஜாயின் ஆகுற இடத்துல சுருக்கம் சுருக்கமா இருக்கு. கையில நாலு பட்டன், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. முன்னாடி மூணு பட்டன் ஓட்டை, மேல் ஓட்டை மடிப்புக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கு, பட்டனைப் போடவே முடியாது. முதுகுல லைனிங் பாதியோட நின்னு போச்சு. ஒரு கோட்டுல இத்தனை டிஃபெக்ட்டா?”

உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “துணி இங்கிலாந்துல நெய்ததுன்னு வேற எழுதியிருக்கு. இட்டாலியன்னு சொல்லித்தானே வித்தீங்க?”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“அமெரிக்கன் கஸ்டமருக்கு இதைக் குடுப்பீங்களா? இண்டியன்தானே, இவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னு தள்ளி விட்டுட்டாங்க. நீங்களும் கூட நின்னு பார்த்துட்டு இருந்தீங்க. நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நம்பி வந்தேன்.”

கடைசியாகச் சொன்னதுதான் சுருக்கென்றது.

நான் ஈரோட்டுக்காரி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். கல்யாணமாகி, கணவர் செந்திலின் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து, பிஸ்கட்டவேயில் குடியிருந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் பல வருடம் வீட்டில் இருந்தேன். அனுமதி கிடைத்ததும் கிடைத்த முதல் வேலை இது. பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஆண்களுக்கான இத்தாலிக் கோட்டு, சட்டை, பேண்ட் விற்கும் கடை. அந்தப் பக்கம் மருந்து கம்பெனிக்காரர்களும் ஐ.டி. ஆட்களும் நிறைய வர ஆரம்பித்ததால், நம் ஊர் ஆள் ஒருத்தி இருந்தால் நல்லது என்று சால் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பனியன் எனக்கு அத்துப்படி. கோட்டு அங்கே போய்க் கற்றுக்கொண்டதுதான். நம் ஊர் அங்கிள்கள், ஒரு தமிழ்ப் பெண் இடுப்பளவு எடுக்கிறாள் என்றால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவில் பேண்ட் வந்தால் உட்கார முடியாது. அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே டேப் பிடிப்பேன். பேசினால் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும். ரங்கநாதன் சாரிடம் அப்படிப் பேசும்போதுதான் விஷயம் தெரிந்தது. நித்யா கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பையன் இத்தாலிய வம்சாவளி. அவர்கள் வீட்டில் முதல் விருந்து. “அவங்க முன்னாடி நான் ஏதோ கான்ஃபரன்ஸுக்கு வந்தவன் மாதிரி நிக்கக் கூடாது, ஹேமா. புரியுதில்ல?” என்றார். புரிந்துதான் அந்த நீலக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

2. இத்தாலி எங்கே?

அவர் குறை என்று எண்ணிச் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பாணியின் அடையாளம். அதுதான் சங்கடம். சேர்ந்த புதிதில் எனக்கும் அவை குறையாகத்தான் தெரிந்தன. திருப்பூரில் தோளில் அப்படிச் சுருக்கம் விழுந்தால் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்திருப்பேன்.

சால் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், சார் கடைசியில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. அவர் சிரிக்கவில்லை. தான் போட்டிருந்த கோட்டின் தோளைக் காட்டினார். அதிலும் அதே சுருக்கம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“இங்கிலீஷ்காரன் கோட்டு தைச்சான், பட்டாளத்துக்காரன் போடுற மாதிரி. உள்ள கெட்டித் துணி, தோளுக்குப் பஞ்சு. இத்தாலியில நேப்பிள்ஸ் வெயில்ல அதைப் போட்டா ஆள் வெந்துடுவான். அங்க இருந்த டெய்லருங்க இங்கிலீஷ் துணியை வெச்சுக்கிட்டாங்க, இங்கிலீஷ் கட்டிங்கையும் வெச்சுக்கிட்டாங்க. உள்ள இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே போட்டாங்க. கையை சட்டைக்கு வெக்கிற மாதிரி சுருக்கி வெச்சாங்க. அப்புறம் அமெரிக்கக் காலேஜ் பசங்க போட்டதைப் பார்த்தாங்க. நுனியில பட்டன் வெச்ச சட்டைக் காலர், மேல் பட்டன் போடாம மடிஞ்சு விழுற கோட்டு, லேஸ் இல்லாத லோஃபர் ஷூ. அதையும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அமெரிக்கன் மாதிரி தொளதொளன்னு விடலை, இடுப்புல பிடிச்சாங்க.”

ரங்கநாதன் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், “துணி இங்கிலாந்து, காலர் அமெரிக்கா. அப்போ இத்தாலி எங்கே இருக்கு?” என்றார்.

“எடுத்துப் போட்டதுல இருக்கு” என்றார் சால்.

சார் என் பக்கம் திரும்பினார். “எடுத்துப் போட்டதுக்கு நான் காசு குடுக்கணுமா?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கோட்டைப் போட்டுட்டுக் கையைத் தூக்கிப் பாருங்க சார்” என்றேன். அந்தச் சுருக்கம் இருப்பதால்தான், கையைத் தூக்கினால் கோட்டு முழுக்க மேலே ஏறாமல் கை மட்டும் நகரும். அவர் தூக்கினார். கோட்டு லேசாக ஏறத்தான் செய்தது. புதுசு, நாலு தடவை போட்டால் படிந்துவிடும் என்றேன்.

“அப்பா, இட்ஸ் லிட்டரலி த ஸ்டைல்” என்றாள் நித்யா. “யூ ஆர் பீயிங் பேரனாய்ட்.” எதிலும் சதி தேடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு போனார். கதவு வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

3. இதுவும் ஸ்டைலா?

விருந்துக்கு மறுநாள் அவரிடமிருந்து போன்.

“ஹேமா, ஒண்ணு கேக்கணும். மாப்பிள்ளையோட அப்பா என்னைக் கட்டிப் பிடிச்சார். அப்புறம் கோட்டைத் தொட்டார். சும்மா இல்ல, முன்பக்கம் பட்டனுக்குக் கீழே ரெண்டு விரலால கிள்ளிப் பார்த்தார். பார்த்துட்டு ‘நைஸ்’னு சொல்லிச் சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார்?”

“பிடிச்சிருந்ததாலதான் சார் சிரிச்சிருப்பாரு.”

“பிடிச்சவன் அப்படிச் சிரிக்க மாட்டான்.”

அவர் மனதிலிருந்து அந்தச் சிரிப்பை என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டு குடும்பம் சேரப் போகிற இடத்தில் ஒரு சிரிப்பு இப்படிப் போய் உட்கார்ந்துகொண்டது எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து மறுபடியும் வந்தார், இந்த முறை தனியாக. அந்த விருந்தில் கோட்டின் மேல் தக்காளி சாஸ் சிந்தியிருக்கிறது. டிரை கிளீனிங் கொடுத்திருக்கிறார். உறையைப் பிரித்து மேஜை மேல் மெதுவாக விரித்து வைத்தார். நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சுட்ட அப்பளம் போலச் சின்னச் சின்னக் கொப்புளம்.

“இதுவும் ஸ்டைலா?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

எவ்வளவு எடுத்துப் போட்டாலும் நல்ல கோட்டில் வெளித் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே கேன்வாஸ் என்று ஒன்று இருக்கும், குதிரை முடி கலந்து நெய்தது. அதைத் தளர்வாக நூல் போட்டுப் பிடித்திருப்பார்கள். மலிவுக் கோட்டில் அதற்குப் பதில் பசை தடவிய துணியைச் சூடு வைத்து ஒட்டிவிடுவார்கள். டிரை கிளீனிங்கில் பசை விட்டால் கொப்புளம் கிளம்பும். வாங்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழிதான். பட்டனுக்குக் கீழே துணியைக் கிள்ளி இழுத்தால், நடுவில் மூன்றாவதாக ஒன்று நழுவுவது விரலுக்குத் தெரிய வேண்டும்.

கிள்ளினேன். நடுவில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா எதற்காகக் கிள்ளினார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. சாரிடம் சொல்லவில்லை.

இந்தப் பாணியில் இருக்கிற ஆபத்தும் அன்றுதான் புரிந்தது. சுருக்கம் அழகு, கோணல் அழகு, லைனிங் பாதியில் நிற்பது அழகு என்று சொல்லிச் சொல்லி விற்கிறோம். குறை மாதிரி தெரிவதெல்லாம் கைவேலை என்று வாடிக்கையாளரை நம்ப வைக்கிறோம். அதற்கு நடுவில் நிஜமான குறை ஒன்று வந்து உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்?

4. பின்னறை

சால், ரங்கநாதன் சாரிடம் மன்னிப்புக் கேட்டு, சில நாள் அவகாசமும் கேட்டு அனுப்பிவைத்தார். பிறகு கோட்டைப் பின்னறைக்கு எடுத்துப்போனோம். அங்கே லூயிஸ் இருந்தார். எக்வடோர்காரர், எங்கள் கடையின் டெய்லர். கை நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது எல்லாம் அவர்தான். லைனிங் ஓரத்தைப் பிரித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

“பசை” என்றார்.

சால் அவரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் என்னைப் பார்க்கிங் பக்கம் கூப்பிட்டார்.

“நான் வாங்குறது கேன்வாஸ் வெச்ச கோட்டு. லேபிளும் அதேதான் இருக்கு. அப்போ நடுவுல எங்கயோ கோட்டு மாறியிருக்கு. மாறணும்னா ஒரே இடம்தான், பின்னறை. லூயிஸ் வீட்டுலயும் தைக்கிறான், தெரியுமா? நல்லதை எடுத்துட்டு, அதே லேபிளை ஒட்டுக் கோட்டுல வெச்சுத் தைக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் கவனிச்சுக்கோ.”

லூயிஸ் மாலையில் போகும்போது கோட்டு உறைகளைத் தன் வண்டியில் ஏற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். அதுவரை அது சாதாரணமாகத்தான் இருந்தது. சால் சொன்ன பிறகு அப்படி இல்லை.

கவனிக்க ஆரம்பித்தேன். ஒருவரைச் சந்தேகத்தோடு கவனித்தால் அவர் செய்வதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடும். போன் வந்தால் கதவைச் சாத்துகிறார். ஏன்? ஸ்பானிஷில் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார். ஏன்? ரங்கநாதன் சாரும் நானும் தமிழில் பேசியபோது சாலுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்குமோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. வந்ததும் தள்ளிவிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் லூயிஸ் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏன் என் பையையே பார்க்கிற?” என்று கேட்டார். “சால் சொன்னாரா?”

அவர் உறையின் ஜிப்பைக் கடைசி வரை இறக்கிக் காட்டினார். உள்ளே சின்னப் பெண்கள் சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கவுன்கள். “எங்க சர்ச்ல இந்த மாசம் பிள்ளைங்களுக்கு விசேஷம். போதுமா, இன்னொரு பையும் பார்க்கணுமா?” என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவர் ஜிப்பை மெதுவாக ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

அன்று டிரைவ் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் யோசித்தேன். லூயிஸ் கைபட்ட கோட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அவர் கையே படாததைப் பார்க்க வேண்டும். சரக்கு வந்த பெட்டி ஒன்று பின்னறையில் டேப் பிரிக்காமல் கிடந்தது.

மறுநாள் காலை சாலிடம் சொன்னேன். அவரே கத்தி எடுத்துப் பிரித்தார். முதல் கோட்டில் கேன்வாஸ் இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. லூயிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, தப்பு வேறிடத்தில் என்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சால் பிரித்த டேப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை யாரு வேணா திரும்ப ஒட்டலாம்” என்றார். “பெட்டி ரெண்டு நாளா இங்கதான் கிடந்தது. நீங்க ரெண்டு பேரும்தான் இங்க இருந்தீங்க.”

“இறக்குனவர்கிட்டக் கேக்கலாமே?” என்றேன்.

எங்களுக்கு இத்தாலியிலிருந்து சரக்கு இறக்கித் தருகிறவர் பாபி. சாலின் பால்ய நண்பர்.

“பாபியை எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெரியும். என் பையன் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கையில ஏந்தி நின்னவன். உங்களை எனக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?”

லூயிஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

5. வேலையை விடு

செந்திலிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“நாளைக்கே விட்டுரு. கிரீன் கார்டு வர்ற நேரத்துல திருட்டு, போலீசுன்னு பேர் அடிபட்டா யாரு பதில் சொல்றது?”

“இப்ப விட்டா நான்தான் பண்ணினேன்னு ஆயிருமுங்க.”

“ஆகட்டும். அவங்க என்ன நினைச்சா நமக்கென்ன? நாம அந்தப் பக்கம் போகப்போறதே இல்ல.”

“நான் போயிட்டா லூயிஸ் மட்டும் மாட்டிக்குவாரு.”

செந்தில் கல் மனசுக்காரர் இல்லை. பயம்தான். ஒரு காகிதம் வருவதற்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கு எந்த வம்பும் பெரிய வம்புதான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. சால் போலீசைக் கூப்பிட்டால் யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் மறுநாள் கடைக்குப் போனேன். கடையில் மாட்டியிருந்த கோட்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது. உடனே சொல்லவில்லை. நான் சொன்னால் சால் நம்ப மாட்டார். அவர் விரலுக்கே தெரிய வேண்டும்.

“அடுத்த லோடை பாபி கையிலேர்ந்து நீங்களே வாங்குங்க, சால்” என்றேன். “அவர் எதிர்லயே பிரிங்க. நானும் லூயிஸும் கடை முன்பக்கமே நிக்கிறோம், பெட்டி பக்கம் வர மாட்டோம். எல்லாம் சரியா இருந்தா நான் அன்னைக்கே வேலையை விட்டுடறேன்.”

“பாபியை அவமானப்படுத்தணும்கிற?”

“அவர் மேல தப்பில்லன்னா அவருக்கு என்ன அவமானம்?”

சால் அரை மனதோடு தலையாட்டினார்.

6. நாற்பது ஷார்ட்

பாபி வந்த அன்று காலை நல்ல வெயில். அவரைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். நேப்பிள்ஸ் தோள் வைத்த மெல்லிய கோட்டு. உள்ளே அமெரிக்கச் சட்டை, காலர் நுனிப் பட்டனை வேண்டுமென்றே போடாமல் விட்டிருப்பார். கீழே இங்கிலீஷ் ஃபிளானல் பேண்ட், காலுறை இல்லாமல் லோஃபர். எதையும் மெனக்கெட்டுப் போட்டது போலவே இருக்காது. நாங்கள் வாய் வலிக்க விளக்குகிற பாணி மொத்தமும் அவர் மேல் சும்மா நடந்து வரும். எப்போதும் எல்லோருக்கும் காபி வாங்கி வருவார். அன்றும் வாங்கி வந்தார். லூயிஸுக்கும் ஒன்று.

சால் பெட்டியை அவர் எதிரிலேயே பிரித்தார். பழக்கப்படி ஒரு நாற்பத்துநாலு லாங் எடுத்துப் போட்டுக்கொண்டார். இங்கே கோட்டுக்கு மார்பளவோடு ஷார்ட், ரெகுலர், லாங் என்று உயரமும் சொல்வார்கள். சால் ஆறடிக்கு மேல். எந்த லோடு வந்தாலும் தன் அளவில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் அவருடைய பரிசோதனை.

“உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு” என்றார் பாபி.

சால் பட்டனுக்குக் கீழே கிள்ளினார். கேன்வாஸ் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

“ஷார்ட் ஒண்ணு எடுங்க, சால்” என்றேன்.

பாபி கையிலிருந்த காபி கோப்பை பாதியில் நின்றது.

சால் நாற்பது ஷார்ட் ஒன்றை எடுத்தார். கிள்ளினார். மறுபடி கிள்ளினார். கீழே வைத்துவிட்டு முப்பத்தெட்டு ஷார்ட் எடுத்தார். பிறகு ஒரு ரெகுலர். பிறகு மறுபடி ஒரு ஷார்ட். கடையில் அவர் விரல் துணியில் உரசுகிற சத்தம் மட்டும்தான்.

“ஷார்ட் எல்லாம் பசை” என்றார் சால்.

பாபி மறுக்கவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். “எல்லாத்துலயும் கேன்வாஸ் வெச்சா கட்டாது, சால். உனக்கே தெரியும்.”

“ஏன் ஷார்ட்?”

பாபி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நான் அங்கே இல்லாதது போல சாலிடமே சொன்னார். “ஷார்ட் யாரு வாங்குறாங்க? யோசிச்சுப் பாரு. அவங்களுக்கு இதுதான் முதல் நல்ல கோட்டு. லேபிளைப் பார்ப்பாங்க. கிள்ளிப் பார்க்க மாட்டாங்க.”

ரங்கநாதன் சாருக்கு நாற்பது ஷார்ட். எங்கள் கடைக்கு வரும் தமிழர், தெலுங்கர், குஜராத்தி, சீனர், பாதிப் பேருக்கு மேல் ஷார்ட்தான். அளவெடுத்துக் கொடுத்தவள் நான். இண்டியன்தானே என்று தள்ளிவிட்டார்கள் என்று அந்த மனிதர் சொன்னபோது, அப்படியெல்லாம் இல்லை என்று எவ்வளவு உறுதியாக நின்றேன். அப்படித்தான் இருந்திருக்கிறது.

சால் கத்தவில்லை. போட்டிருந்த நாற்பத்துநாலு லாங்கைக் கழற்றினார். மடித்துப் பெட்டியில் வைத்தார்.

“இதையும் எடுத்துட்டுப் போ.”

“இது ஒரிஜினல், சால்.”

“தெரியும்” என்றார்.

பாபி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். லூயிஸ் தனக்கு வந்த காபியைத் தொடவே இல்லை. ஆறிப்போனதும் எடுத்துக் கொட்டினார்.

ஷார்ட் வாங்கியவர்கள் எல்லோரையும் சால் அவரே போனில் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தார். ரங்கநாதன் சாரிடம் மட்டும் நான் பேசினேன். சப்ளையர் தவறு என்று சொன்னால் போதும் என்றார் சால். எனக்கு அது போதவில்லை. சாரும் நித்யாவும் கடைக்கு வந்தபோது, பாபி சொன்னதை அப்படியே சொன்னேன்.

சார் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார்.

“அப்போ முதல் நாள் நான் சொன்னது?”

“ஆமாங்க சார்.”

“இவ என்னை பேரனாய்ட்னு சொன்னா. எனக்கும் வயசாகுது, எல்லாத்தையும் தப்பாப் பார்க்கிறோம் போலன்னு நினைச்சுட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சொன்னது சரியாப் போச்சேன்னு சந்தோஷப்படவும் முடியலையே, ஹேமா.”

நித்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஸாரி, அப்பா” என்றாள். அவ்வளவுதான்.

அவருக்கு ரெகுலர் ஒன்றை எடுத்து, கையையும் உயரத்தையும் லூயிஸ் குறைத்துக் கொடுத்தார். நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் போட்டார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் அன்று சிரித்தது ஏன் என்று நேராகவே கேட்டிருக்கிறார். பசைக் கோட்டு என்று தெரிந்ததாம். முதல் நாளே அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைத்தாராம். “சொல்றாரு. நான் பாதிதான் நம்பினேன்” என்றார் சார். இப்போது கடைக்கு வந்தால் முதலில் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நான் தடுப்பதில்லை.

லூயிஸிடம் சால் பின்னறையில் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நானும் என் பங்குக்குப் பேசினேன். லூயிஸ், “சரி, விடு” என்றார். சில மாதம் கழித்து வேலையை விட்டு, பிளெய்ன்ஃபீல்டில் சொந்தமாக ஆல்டரேஷன் கடை போட்டார். திறப்பன்று சாலும் நானும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனோம். லூயிஸ் நன்றாக வரவேற்றார். நாற்காலி போட்டார், மனைவியை அறிமுகப்படுத்தினார், கடையைச் சுற்றிக் காட்டினார். கிளம்பும்போது சாலின் கையைப் பிடித்து, “தேங்க் யூ ஃபார் கமிங், சார்” என்றார்.

திரும்பும் வழியில் சால் முதல் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பிறகு, “இத்தனை வருஷம் சால்னுதான் கூப்பிட்டான்” என்றார்.

இன்று அந்தக் கடைக்கு நான் மேனேஜர். இந்தத் தொழிலில் சந்தேகம் வேண்டாம் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. துணியைச் சந்தேகப்படுங்கள், லேபிளைச் சந்தேகப்படுங்கள், நான் சொல்கிற விளக்கத்தையும் சந்தேகப்படுங்கள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஒன்று செய்யுங்கள். ஏதாவது தப்பு நடந்தால் யார் முகம் முதலில் மனதில் வருகிறது என்று பாருங்கள். அந்த முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வரவே வராத முகம் யாருடையது என்று யோசியுங்கள்.